ஐக்கிய அமெரிக்காவில் வாழும் வெளிநாட்டு மாணவர்களின் கல்லூரிச் சேர்க்கை

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் வெளிநாட்டு மாணவர்களின் கல்லூரிச் சேர்க்கை என்பது, அந்நாட்டின் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாமல் அங்கேயே தங்கி உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடிக்கும் மாணவர்கள், அங்குள்ள கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இளநிலைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்து இடம் பெறும் நடைமுறையைக் குறிக்கும். தாய்நாட்டிலிருந்து நேரடியாக விண்ணப்பிக்கும் மாணவர்களின் நிலையிலிருந்து இவர்களது நிலை வேறுபட்டது. இவர்கள் அமெரிக்கப் பாடத்திட்டத்தில் பயின்றவர்கள். பலர் சிறு வயதிலேயே அந்நாட்டுக்கு வந்தவர்கள். ஆயினும் பெரும்பாலான கல்லூரிகளின் பதிவேடுகளில் இவர்கள் "பன்னாட்டு மாணவர்" என்றே வகைப்படுத்தப்படுகின்றனர்.

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கென மைய அமைப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்களைத் தானே தெரிவு செய்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களின் கட்டணத்தை மாநிலச் சட்டங்களும் பல்கலைக்கழக விதிகளும் தீர்மானிக்கின்றன. குடிவரவு, கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. இதனால் ஒரே மாணவர் ஓர் அலுவலகத்தின் கணக்கில் உள்ளூர்வாசியாகவும் மற்றோர் அலுவலகத்தின் கணக்கில் வெளிநாட்டவராகவும் இருக்கக்கூடும். இந்நடைமுறையைப் புரிந்துகொள்வதற்கு இதுவே அடிப்படையாகும்.

மூன்று தனித்தனிக் கேள்விகள்

விண்ணப்பிக்கும் மாணவர் ஒருவரைப் பற்றி மூன்று கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்கு விடையளிப்போர் வெவ்வேறு அமைப்பினர் என்பதால், ஒன்றன் விடையைக் கொண்டு மற்றொன்றன் விடையை ஊகிக்க இயலாது.

* குடிவரவு நிலை: மாணவர் எந்த நுழைவிசைவின் கீழ் நாட்டில் தங்கியுள்ளார், எவ்வளவு காலம் தங்கலாம், வேலை செய்யலாமா என்பவை. இதைக் கூட்டரசுச் சட்டம் தீர்மானிக்கிறது.
* மாநில வசிப்பு: அரசுப் பல்கலைக்கழகத்தில் குறைந்த கட்டணமான மாநிலவாசிக் கட்டணத்துக்கு மாணவர் உரியவரா என்பது. இதை மாநிலச் சட்டமும் பல்கலைக்கழக விதிகளும் தீர்மானிக்கின்றன.
* நிதியுதவித் தகுதி: கூட்டரசு, மாநிலம், கல்லூரி ஆகிய மூன்றில் எவற்றின் உதவியை மாணவர் பெறலாம் என்பது. இம்மூன்றுக்கும் விதிகள் தனித்தனியே உள்ளன.

எடுத்துக்காட்டாக, சென்னையில் பிறந்து மூன்று வயதில் பெற்றோருடன் கலிபோர்னியாவுக்குச் சென்ற ஒரு பெண்ணையும், அங்கே பிறந்த அவளுடைய தம்பியையும் கருதலாம். இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்நாட்டில் பிறந்தமையால் தம்பி அமெரிக்கக் குடிமகன்; அவனுக்குக் கூட்டரசு நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் உரிமை உண்டு. பெற்றோரின் தற்காலிக நுழைவிசைவைச் சார்ந்து வாழும் அக்காளுக்கு அவ்வுரிமை இல்லை. ஆனால் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாநிலவாசிக் கட்டணத்துக்கு அவளும் தகுதி பெறக்கூடும். தனியார் கல்லூரியொன்றில் அவளது விண்ணப்பம், வெளிநாட்டிலிருந்து வந்த விண்ணப்பங்களோடு சேர்த்துப் பரிசீலிக்கப்படலாம்.

மாணவர் வகைகள்

எஃப்-1 மாணவர்கள்

எஃப்-1 என்பது முழுநேர மாணவர்களுக்கு வழங்கப்படும் நுழைவிசைவாகும். பள்ளிப் பருவத்திலேயே இதைப் பெற்று அமெரிக்காவுக்குச் செல்வோர் பெரும்பாலும் தனியார் பள்ளிகளில் பயில்கின்றனர். 1996 ஆம் ஆண்டுச் சட்டமே இதற்குக் காரணமாகும். அச்சட்டத்தின்படி எஃப்-1 நிலையில் உள்ள மாணவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் மொத்தம் 12 மாதங்களுக்கு மேல் பயில இயலாது. அக்கல்விக்கான முழுச் செலவையும் அவரே செலுத்த வேண்டும். தனியார் பள்ளிகளுக்கு இக்கால வரம்பு இல்லை.

சார்ந்தோர் நுழைவிசைவில் உள்ளவர்கள்

பெற்றோர் எச்-1பி பணி நுழைவிசைவில் இருந்தால் பிள்ளைகளுக்கு எச்-4 நுழைவிசைவும், எல்-1 நுழைவிசைவில் இருந்தால் எல்-2 நுழைவிசைவும் வழங்கப்படுகின்றன. அமெரிக்காவில் பணிபுரியும் தமிழ் மென்பொருளாளர் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இவ்வகையைச் சேர்ந்தவர்கள். இவர்கள் அரசுப் பள்ளிகளில் கால வரம்பின்றிக் கட்டணமில்லாமல் பயிலலாம். கல்லூரியிலும் இதே நிலையில் தொடர்ந்து படிக்கலாம். எனினும் இவர்களுக்கு வேலை செய்யும் உரிமை இல்லை. 21 வயது நிறைந்தாலோ திருமணம் செய்துகொண்டாலோ இந்நிலை முடிவுக்கு வந்துவிடும்.

பன்னாட்டு அமைப்புகளின் ஊழியர் பிள்ளைகள்

உலக வங்கி, பன்னாட்டு நாணய நிதியம் போன்ற அமைப்புகளின் ஊழியர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் ஜி-4 நுழைவிசைவு வழங்கப்படுகிறது. எஃப்-1 மாணவரைப் போல, தாய்நாட்டிலுள்ள வசிப்பிடத்தைக் கைவிடும் எண்ணம் தமக்கு இல்லை என்று இவர்கள் காட்ட வேண்டியதில்லை. கட்டணம் குறித்த ஒரு முக்கிய வழக்குக்கு இவ்வேறுபாடே அடிப்படையாயிற்று.

ஆவணமற்ற மாணவர்கள்

உரிய அனுமதியின்றி நாட்டுக்குள் வந்தோ, அனுமதிக் காலம் கடந்து தங்கியோ வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் இவ்வகையினர். இவர்களுள் ஒரு பகுதியினருக்கு 2012 ஆம் ஆண்டு சூன் 15 அன்று அறிவிக்கப்பட்ட "டாகா" என்னும் திட்டம், நாடு கடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பையும் வேலை அனுமதியையும் அளித்தது. 16 வயதுக்கு முன் நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும், 2007 சூன் 15 முதல் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுள் சில. இந்த இரண்டாம் நிபந்தனையின் விளைவாக, அண்மைக் காலத்தில் பள்ளி முடிக்கும் ஆவணமற்ற மாணவர்களில் பெரும்பாலோர் இத்திட்டத்துக்கு வெளியே உள்ளனர். 2021 ஆம் ஆண்டு டெக்சாஸ் கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, புதிய விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் வழங்குவதும் நிறுத்தப்பட்டது.

சட்டப் பின்னணி

1982 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்துறையில் இரண்டு முக்கியத் தீர்ப்புகளை வழங்கியது. பிளைலர் எதிர் டோ என்னும் வழக்கில், குடிவரவு ஆவணம் இல்லை என்பதற்காகப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிக் கல்வியை மாநிலங்கள் மறுக்கலாகாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. டெக்சாஸ் மாநிலச் சட்டமொன்றை எதிர்த்து எழுந்த வழக்கு இது. இத்தீர்ப்பு பள்ளிக் கல்விக்கு மட்டுமே பொருந்தும். கல்லூரிக் கல்வியைப் பற்றி இது எதுவும் கூறவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை திறந்திருக்கும் கதவு, அதற்கு அடுத்த படியில் பல மாணவர்களுக்கு மூடப்படுவதன் காரணம் இதுவேயாகும்.

இரண்டாவது வழக்கு டோல் எதிர் மொரேனோ என்பதாகும். மேரிலாந்துப் பல்கலைக்கழகம், ஜி-4 நுழைவிசைவில் இருந்தோரின் பிள்ளைகளுக்கு மாநிலவாசிக் கட்டணத்தை மறுத்து வந்தது. மாநிலத்தில் நிலையான வசிப்பிடம் அமைத்துக்கொள்ளக் கூட்டரசுச் சட்டம் தடை செய்யாத ஒரு வகையினருக்கு, மாநிலப் பல்கலைக்கழகம் தானாக ஒரு சுமையை ஏற்ற முடியாது என நீதிமன்றம் கூறியது.

1996 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 505 ஆம் பிரிவு மற்றொரு திருப்பமாக அமைந்தது. சட்டப்படி தங்கியிராத ஒருவருக்கு, மாநிலத்தில் வசிக்கிறார் என்னும் காரணத்தால் உயர்கல்விச் சலுகை அளித்தால், அதே சலுகை எந்த மாநிலத்தில் வாழும் அமெரிக்கக் குடிமகனுக்கும் கிடைக்க வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. இதன் பின்னர் மாநிலங்கள் இயற்றிய கட்டணச் சட்டங்கள் பலவும் இப்பிரிவைக் கருத்திற்கொண்டே வரையப்பட்டன.

விண்ணப்ப நடைமுறை

விண்ணப்பப் படிவம்

கல்லூரிகள் பலவற்றுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் "காமன் அப்ளிகேசன்" என்னும் பொது விண்ணப்ப முறை 1975 ஆம் ஆண்டு 15 தனியார் கல்லூரிகளால் தொடங்கப்பட்டது. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் போன்ற சில பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் தமக்கெனத் தனிப் படிவம் வைத்துள்ளன. குடியுரிமை, நுழைவிசைவு வகை ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் இப்படிவங்களில் இடம்பெறும். எச்-4 நிலையில் உள்ள மாணவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இருப்பதில்லை. அவ்வெண் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம்.

பொதுவாகக் கேட்கப்படுபவை பின்வருமாறு:

* ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியல்
* பள்ளி ஆலோசகரின் அறிக்கையும் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும்
* மாணவர் தம்மைப் பற்றி எழுதும் கட்டுரை
* பாடத்துக்கு வெளியே ஈடுபட்ட பணிகளின் விவரம்
* கல்லூரி கோரினால் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. தேர்வு மதிப்பெண்

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் முறை இதிலிருந்து மாறுபடுகிறது. அங்கே பொதுவாகப் பரிந்துரைக் கடிதங்கள் கேட்கப்படுவதில்லை. எட்டுக் கேள்விகளுள் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்கு மிகாமல் விடை எழுத வேண்டும்.

தாய்நாட்டிலிருந்து விண்ணப்பிப்போருக்கு இல்லாத ஒரு வசதி இங்குள்ள மாணவர்களுக்கு உண்டு. இவர்களது மதிப்பெண் பட்டியல் கல்லூரிகளுக்குப் பழக்கமான வடிவில் இருக்கும்; இவர்களது பள்ளியைப் பற்றிக் கல்லூரி முன்பே அறிந்திருக்கவும் கூடும். அதே வேளையில், பள்ளி ஆலோசகர்கள் பலர் குடிமக்களுக்குரிய நடைமுறையை மட்டுமே நன்கறிந்தவர்கள். நிதியுதவிக்கு விண்ணப்பிக்குமாறு வகுப்பு முழுவதற்கும் அவர்கள் கூறும் பொதுவான அறிவுரை, எச்-4 மாணவருக்குப் பொருந்தாமல் போவதுண்டு.

தேர்வுகள்

2020 ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றின்போது பெரும்பாலான கல்லூரிகள் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்களை விருப்பத்துக்கு விட்டன. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2022 இல் மீண்டும் அவற்றைக் கட்டாயமாக்கியது. டார்ட்மத், யேல், பிரௌன், ஆர்வர்ட் ஆகியவை 2024 இல் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கோரும் முடிவுகளை அறிவித்தன. கலிபோர்னியப் பல்கலைக்கழகமோ சேர்க்கை முடிவில் இம்மதிப்பெண்களைப் பார்ப்பதே இல்லை.

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதோரிடம் டோஃபல் போன்ற மொழித்தேர்வைக் கல்லூரிகள் கேட்பது வழக்கம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் சில ஆண்டுகள் ஆங்கில வழியில் பயின்றோருக்குப் பல கல்லூரிகள் இதிலிருந்து விலக்களிக்கின்றன. எத்தனை ஆண்டுகள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும்.

காலவரிசை

* ஆகஸ்ட்: பொது விண்ணப்பப் படிவம் திறக்கப்படுகிறது.
* நவம்பர் தொடக்கம்: முன்கூட்டிய விண்ணப்பங்கள் பலவற்றுக்குக் கடைசி நாள்.
* நவம்பர் இறுதியை ஒட்டி: கலிபோர்னியப் பல்கலைக்கழக விண்ணப்பம் முடிவடைகிறது.
* சனவரி தொடக்கம்: பல தனியார் கல்லூரிகளில் வழக்கமான விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.
* மார்ச்சு, ஏப்ரல்: முடிவுகள் வெளிவருகின்றன.
* மே 1: சேர விரும்பும் கல்லூரியை உறுதி செய்வதற்கு வழக்கமான நாள்.

முன்கூட்டிய விண்ணப்பங்களுள் ஒரு வகை மாணவரைக் கட்டுப்படுத்துவதாகும். அவ்வகையில் இடம் கிடைத்தால் அக்கல்லூரியிலேயே சேர வேண்டும். பிற கல்லூரிகள் தரக்கூடிய உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இராது. எனவே உதவித்தொகையைப் பெரிதும் நம்பியிருக்கும் மாணவர்கள் இவ்வகையைத் தேர்வதற்கு முன் அக்கல்லூரியின் நிதியுதவி விதிகளை அறிந்துகொள்வது இன்றியமையாததாகும்.

கல்விக் கட்டணமும் மாநில வசிப்பும்

அரசுப் பல்கலைக்கழகங்களில் மாநிலவாசிகளுக்கு ஒரு கட்டணமும் பிறருக்கு அதனினும் மிகுந்த கட்டணமும் பெறப்படுகின்றன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2025 இலையுதிர் காலத்தில் புதிதாகச் சேர்ந்த இளநிலை மாணவர்களுள் மாநிலவாசி அல்லாதோர், வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 37,602 டாலர் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு இத்தொகை மட்டுமே ஒன்றரை இலட்சம் டாலரைத் தாண்டும். நடுத்தர வருமானக் குடும்பங்களில், இவ்வகைப்பாடே மாணவர் எந்தக் கல்லூரியில் சேர்வார் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

எஃப்-1 மாணவர், படிப்பு முடிந்தபின் தாய்நாடு திரும்பும் எண்ணம் உடையவர் எனச் சட்டம் கருதுகிறது. ஆகவே அவர் எத்தனை ஆண்டுகள் தங்கினாலும் மாநிலத்தில் நிலையான வசிப்பிடம் கொண்டவராகப் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. எச்-4, எல்-2 ஆகிய நிலைகளில் உள்ளோருக்கு அத்தகைய நிபந்தனை இல்லாததால், கலிபோர்னியா உள்ளிட்ட மாநிலங்களின் பல்கலைக்கழகங்களில் ஓராண்டுக்கு மேலான வசிப்பு முதலிய நிபந்தனைகளை நிறைவு செய்து இவர்கள் மாநிலவாசிக் கட்டணம் பெறலாம். வீட்டு வாடகை ஒப்பந்தம், மாநில வருமான வரிப் படிவம், பள்ளிப் பதிவுகள் முதலியன சான்றுகளாகக் கோரப்படலாம்.

ஆவணமற்ற மாணவர்களைப் பொறுத்தவரை, 2001 ஆம் ஆண்டு டெக்சாஸ், கலிபோர்னியா ஆகிய மாநிலங்கள் முன்னோடிச் சட்டங்களை இயற்றின. கலிபோர்னியாவின் ஏ.பி. 540 என்னும் சட்டம், மாநிலத்தில் வசிப்பதை அல்லாமல், அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் மூன்றாண்டுகள் பயின்றதை அடிப்படையாகக் கொண்டது. அங்கே படித்துவிட்டு வேறு மாநிலத்தில் குடியேறிய அமெரிக்கக் குடிமக்களும் இதனால் பயன்பெறலாம் என்பதால், 505 ஆம் பிரிவுக்கு இது முரணாகாது எனக் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது. எஃப்-1 போன்ற தற்காலிக நுழைவிசைவில் உள்ளோரை இச்சட்டம் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. இதனால் அம்மாநிலத்தில் மூன்றாண்டுகள் பள்ளியில் பயின்ற எஃப்-1 மாணவருக்கு, ஆவணமற்ற சக மாணவருக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை கிடைப்பதில்லை.

இச்சட்டங்கள் நிலையானவை அல்ல. 2025 சூன் மாதத்தில் டெக்சாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூட்டரசின் நீதித்துறை வழக்குத் தொடுத்தது. மாநில அரசு அதை எதிர்க்காமல் உடன்பட்டதால், வழக்குத் தொடுக்கப்பட்ட அன்றே ஆவணமற்ற மாணவர்களுக்கு அச்சட்டத்தைப் பயன்படுத்த நீதிமன்றம் தடை விதித்தது. புளோரிடா மாநிலம் 2014 இல் வழங்கிய சலுகையை 2025 இல் நீக்கியது. தென் கரோலினாவில் 2008 ஆம் ஆண்டுச் சட்டமும் அலபாமாவில் 2011 ஆம் ஆண்டுச் சட்டமும், ஆவணமற்றோர் அரசுக் கல்லூரிகளில் சேர்வதற்கே தடை விதித்தன.

நிதியுதவி

கூட்டரசு நிதியுதவிக்கு "ஃபாஃப்சா" என்னும் படிவத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். குடிமக்கள், நிரந்தர வதிவுரிமை பெற்றோர், புகலிடம் வழங்கப்பட்டோர் உள்ளிட்ட சில வகையினர் மட்டுமே இதற்குத் தகுதியுடையோர். எஃப்-1, எச்-4, எல்-2, ஜி-4 ஆகிய நிலைகளில் உள்ளோரும், டாகா பெற்றோரும், ஆவணமற்றோரும் இவ்வுதவியைப் பெற இயலாது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வழங்கப்படும் பெல் உதவித்தொகை 2025-26 கல்வியாண்டில் அதிக அளவாக 7,395 டாலராக இருந்தது. கூட்டரசின் கல்விக்கடன்களும் இதே படிவத்தின் வழியேதான் கிடைக்கின்றன. மாணவர் குடிமகனாக இருந்தால், பெற்றோரின் குடிவரவு நிலை அவரது தகுதியைப் பாதிப்பதில்லை.

கூட்டரசு உதவி பெற இயலாத மாணவர்களுக்குக் கல்லூரிகள் தம் சொந்த நிதியிலிருந்து வழங்கும் உதவியே முதன்மையானது. இதற்குப் பல கல்லூரிகள், காலேஜ் போர்டு நிறுவனம் நடத்தும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்னும் படிவத்தைக் கேட்கின்றன. கல்லூரிகளின் அணுகுமுறையை இரண்டாகப் பிரிக்கலாம்.

* தேவை நோக்காச் சேர்க்கை: மாணவருக்கு உதவி தேவையா என்பதைப் பாராமல் சேர்க்கை முடிவு எடுக்கப்படும்.
* தேவை நோக்கும் சேர்க்கை: உதவி கோருவது, சேர்க்கை முடிவில் ஒரு காரணியாக இருக்கும்.

குடிமக்களுக்குத் தேவை நோக்காச் சேர்க்கையை நடத்தும் கல்லூரிகளிலும் பெரும்பாலானவை, பன்னாட்டு மாணவர் என வகைப்படுத்தப்பட்டோருக்கு உதவித் தேவையை நோக்கும் முறையைப் பின்பற்றுகின்றன. ஆர்வர்ட், யேல், பிரின்ஸ்டன், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை பன்னாட்டு மாணவர்களுக்கும் தேவை நோக்காச் சேர்க்கை நடத்தும் சிலவற்றுள் அடங்கும். டார்ட்மத், பௌடன் ஆகிய கல்லூரிகள் 2022 இல் இம்முறையை அறிவித்தன. இவை யாவும் மிகக் கடுமையான போட்டி நிலவும் கல்லூரிகளாகும்.

ஆவணமற்ற மாணவர்களை உள்நாட்டு மாணவர்களாகவே கருதிப் பரிசீலிக்கும் முறையைச் சில தனியார் கல்லூரிகள் மேற்கொண்டுள்ளன. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2015 இல் இதை வெளிப்படையாக அறிவித்தது. ஆனால் முறையான நுழைவிசைவுடன் அதே ஊரில் அதே பள்ளியில் படித்த எச்-4 மாணவர் பன்னாட்டு மாணவராகக் கருதப்படும் நிலை பல இடங்களில் உள்ளது. குவெஸ்ட்பிரிட்ஜ் அமைப்பின் உதவித்தொகைத் திட்டம், அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர்களைக் குடியுரிமை பாராது விண்ணப்பிக்க அனுமதிப்பதால், இவர்களுக்குத் திறந்திருக்கும் வழிகளுள் ஒன்றாகும்.

சமுதாயக் கல்லூரி வழி

இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது செலவைக் குறைக்கும் வழியாகும். இக்கல்லூரிகளில் சேர்க்கைக்குப் போட்டி பெரும்பாலும் இல்லை, கட்டணமும் குறைவு. கலிபோர்னியாவில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு பல்கலைக்கழக வளாகங்கள், குறிப்பிட்ட பாடங்களையும் மதிப்பெண்ணையும் நிறைவு செய்த சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு இடத்தை முன்கூட்டியே உறுதியளிக்கும் திட்டத்தை நடத்துகின்றன. எஃப்-1 மாணவர்கள் இவ்வழியைத் தேர்ந்தால், கல்லூரி வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கக் கூட்டரசின் அனுமதி பெற்றதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சேர்க்கைக்குப் பின் நுழைவிசைவு

வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் 2003 முதல் செவிஸ் என்னும் கணினித் தரவுத்தளத்தில் பேணப்படுகின்றன. எஃப்-1 நிலையில் பள்ளியை முடித்தவரின் பதிவு, பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மாற்றப்படும். கல்லூரி புதிய ஐ-20 படிவத்தை வழங்கும். இதற்கு முன், முதலாண்டுச் செலவுக்குப் போதிய பணம் உள்ளது என்பதற்கான வங்கிச் சான்று முதலியவற்றைக் கல்லூரி கேட்கும். நாட்டைவிட்டு வெளியேறாதவரை, இதற்காகத் தூதரகத்தில் புதிய விசா முத்திரை பெறத் தேவையில்லை. விசா முத்திரை என்பது நாட்டுக்குள் நுழைவதற்கானது. நாட்டில் தங்குவதற்கான நிலை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பரவலாகக் காணப்படும் குழப்பமாகும்.

எச்-4 மாணவருக்குக் கல்லூரியில் சேர ஐ-20 படிவம் தேவையில்லை. அவர் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம். எச்-4 நிலையிலேயே தொடர்ந்தால் மாநிலவாசிக் கட்டணம் போன்ற சலுகைகள் நிலைக்கலாம். ஆனால் வளாகத்தில் பகுதிநேர வேலையோ ஊதியத்துடன் கூடிய பயிற்சியோ மேற்கொள்ள இயலாது. எஃப்-1 நிலைக்கு மாறினால், கல்விப் பருவத்தின்போது வளாகத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். படிப்புத் தொடர்பான 12 மாதப் பணிப்பயிற்சிக்கும், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளாயின் மேலும் 24 மாத நீட்டிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பல மாநிலங்களில் மாநிலவாசிக் கட்டணத்தை இழக்க நேரிடும்.

இருபத்தோரு வயதுச் சிக்கல்

வேலைவாய்ப்பு வழியாக ஆண்டுதோறும் வழங்கப்படும் நிரந்தர வதிவுரிமைகளின் அடிப்படை எண்ணிக்கை ஏறத்தாழ 140,000 ஆகும். இதில் பணியாளர்களுடன் அவர்களது துணைவரும் பிள்ளைகளும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றனர். எந்த ஒரு நாட்டில் பிறந்தோருக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் வழங்கப்படுவதில்லை. விண்ணப்பிப்போர் மிகுதியாக உள்ள இந்தியாவுக்கும் இதே வரம்புதான். இதனால் இந்தியாவில் பிறந்தோருக்கான காத்திருப்பு வரிசை பல பத்தாண்டுகளாக நீண்டுள்ளது. எச்-1பி நுழைவிசைவின் வழக்கமான வரம்பு ஆறு ஆண்டுகளாயினும், வதிவுரிமைக்காகக் காத்திருப்போர் அதற்கு மேலும் நீட்டிப்புப் பெற 2000 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. எனவே குடும்பங்கள் தற்காலிக நுழைவிசைவிலேயே நீண்ட காலம் வாழ்கின்றன. பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிடுகின்றனர்.

பிள்ளைக்கு 21 வயது நிறையும்போது, பெரும்பாலும் கல்லூரியின் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில், எச்-4 நிலை முடிவடைகிறது. பெற்றோரின் வதிவுரிமை விண்ணப்பத்தில் அப்பிள்ளைக்கு இருந்த இடமும் பறிபோகலாம். 2002 ஆம் ஆண்டுக் குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம், மனு பரிசீலனையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக் கணக்கிட இடமளிக்கிறது. மனு ஏற்கப்பட்ட பின் வரிசையில் காத்திருக்கும் ஆண்டுகள் இக்கழிவில் சேர்வதில்லை என்பதால், நீண்ட வரிசையில் நிற்போருக்கு இது போதுமானதாக இல்லை.

வயது வரம்பைக் கடக்கும் மாணவர் எஃப்-1 போன்ற வேறொரு நிலைக்கு மாற வேண்டும்; இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். எஃப்-1 பெறுவதற்குத் தாய்நாடு திரும்பும் எண்ணத்தைக் காட்ட வேண்டும். தன் பெயரும் சேர்ந்த வதிவுரிமை முயற்சி ஏற்கனவே நடந்திருக்கும் நிலையில், நினைவு தெரிந்த நாள் முதல் அமெரிக்காவிலேயே வாழ்ந்த ஒருவர் இதைக் காட்டுவது எளிதன்று. 21 வயது எப்போது நிறையும் என்பதைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதே கணக்கிட்டு, அதற்கு முன்னரே நிலை மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது இதனால் அவசியமாகிறது.

விமர்சனங்களும் சீர்திருத்த முயற்சிகளும்

வாழ்ந்த காலத்தை விட்டுவிட்டு நுழைவிசைவின் பெயரை மட்டும் நோக்கும் வகைப்பாடு நியாயமற்றது என்பது இம்முறையின் மீதான முதன்மை விமர்சனமாகும். பெற்றோருடன் முறையாக நுழைந்து வளர்ந்த இத்தகைய இளையோர் "ஆவணமுள்ள கனவாளர்கள்" எனக் குறிப்பிடப்படுகின்றனர். 2012 சூன் 15 அன்று சட்டப்படியான தங்கல் நிலையில் இருந்தோருக்கு டாகா திட்டம் பொருந்தாததால், விதிகளைப் பின்பற்றி வந்த காரணத்தாலேயே இவர்கள் அத்திட்டத்துக்கு வெளியே விடப்பட்டனர். இவர்களுக்கு நிரந்தர வதிவுரிமைக்கு வழிவகுக்கும் சட்ட முன்வரைவு ஒன்று 2021 இல் காங்கிரசின் இரு அவைகளிலும் அறிமுகப்படுத்தப்பட்டது, அது நிறைவேறவில்லை.

இதற்கு மாறான கருத்தும் உண்டு. பொது நிதியிலிருந்து வழங்கப்படும் உதவி குடிமக்களுக்கும் நிரந்தர வதிவுரிமை பெற்றோருக்குமே உரியது என்றும், தற்காலிக நுழைவிசைவு தற்காலிகமானது என்பதை அறிந்தே குடும்பங்கள் வருகின்றன என்றும் இக்கருத்தினர் கூறுகின்றனர். அரசுப் பல்கலைக்கழகங்களில் இடங்கள் குறைவாக இருப்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

இவ்விவாதம் முடிவுக்கு வராத நிலையில், மாணவரின் வாய்ப்பு அவர் வாழும் மாநிலத்தையும், விண்ணப்பிக்கும் கல்லூரியையும், பிறந்த நாட்டையும் பொறுத்தே அமைகிறது. கட்டண விதிகளும் குடிவரவு விதிகளும் அடிக்கடி மாறுவதால், ஓராண்டுக்கு முன் ஒரே பள்ளியிலிருந்து சென்ற மாணவருக்குப் பொருந்திய விடை அடுத்த ஆண்டு மாணவருக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியிடமும் குடிவரவு நிலை, கட்டண வகைப்பாடு, நிதியுதவித் தகுதி ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்டறிய வேண்டியுள்ளது.